உங்களுக்குத் தெரியுமா? – கையால் ‘பார்க்கும்’ ரக்கூன்

வட அமெரிக்காவில் கொல்லைக் குளத்தில் கோய் மீன் வளர்ப்பவர்கள், விடியற்காலையில் கவிழ்ந்த அல்லித் தொட்டியையும் கரையில் சிதறிய செதில்களையும் கண்டால் உடனே ஊகித்துவிடுவார்கள்: ராத்திரி ரக்கூன் வந்திருக்கிறது.

கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட இந்த விலங்கு, நீருக்குள் இரை தேடுவது முன்னங்கையால். அதன் மூளையில் தொடுவுணர்வுக்கான பகுதியில் பெரும்பங்கு கைகளுக்கே உரியது. நனைந்தால் அந்த உணர்வு இன்னும் கூர்மையாகும். அதனால்தான் ஆழமற்ற நீரில் நின்று, வேறெங்கோ பார்த்தபடியே துழாவி இரையைப் பிடித்துவிடுகிறது. உணவைக் கழுவுவதுபோல் தோன்றும் இந்தப் பழக்கத்தைக் கண்டு, ஜெர்மானியரும் ஜப்பானியரும் ‘கழுவும் கரடி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரக்கூனுக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் காலூன்றி நின்று துழாவுவதுதான் அதன் வழக்கம். மீனைக் காக்கும் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. குளம் 3 அடிக்குக் குறையாத ஆழமும் செங்குத்தான கரையும் கொண்டிருக்க வேண்டும். செடித்தொட்டி வைக்க அழகாகக் கட்டும் விளிம்புத் திட்டுதான் அதற்கு நிற்க இடம் தருகிறது; அதைத் தவிர்ப்பதே நல்லது. அடியில் அகலமான குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டால் மீன்கள் ஒதுங்கிக்கொள்ளும். இரவில் வலையை இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையை அது கையாலேயே தூக்கிவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீடென்றால் ஆழக் குளத்துக்கு வேலி கட்டாயம்.

ரக்கூனைக் கூண்டில் பிடித்து வேறு காட்டில் விடுவதைப் பல அமெரிக்க மாநிலங்கள் தடைசெய்துள்ளன. ரேபிஸ் பரவும் என்ற அச்சம் அதற்கு முக்கியக் காரணம்.