‘அட்மின்’ யாருக்கு, ‘வியூவர்’ யாருக்கு? ஆபீஸ் டேஷ்போர்டும் உத்திரமேரூர் கல்வெட்டும்

டீமில் புதிதாக ஒருவர் சேர்கிறார். லேப்டாப் வந்துவிட்டது, ஐடி கார்டு வந்துவிட்டது. விற்பனை டேஷ்போர்டு மட்டும் திறக்கவில்லை. ‘இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்கிறது திரை. பத்து மணிக்கு கிளையன்ட் மீட்டிங். டீம் லீட் பதற்றத்தில் சொல்கிறார்: “இப்போதைக்கு அட்மின் குடுத்து விடுப்பா, அப்புறம் பார்த்து மாத்திக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதே இல்லை. ஆறு மாதத்தில் அவர் வேறு டீமுக்குப் போயிருப்பார். ஒன்றரை வருடத்தில் வேறு கம்பெனிக்கே போயிருப்பார். அவர் பெயர் மட்டும் அட்மின் பட்டியலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆபீஸ் பட்டியலை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

டேஷ்போர்டு என்பது இப்போது ஐடி கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. ராஜகுளம் மாதிரி காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களின் ஷிஃப்ட், ஓவர்டைம், உற்பத்திக் கணக்கு எல்லாமே ஏதோ ஒரு திரையில் வரைபடமாக ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தத் திரையை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அடுத்தவருக்கு அனுமதி கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. இதே மாவட்டத்தில், உத்திரமேரூரில், அதிகாரத்தை யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,100 வருடங்களுக்கு முன்பு.

கல்லில் வெட்டிய அனுமதிப் பட்டியல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. பள்ளிக்கூடத்தில் ‘குடவோலை முறை’ என்று படித்தோமே, அது இதுதான். ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரி, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே!

எல்லோரும் இந்தக் குடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் வரைக்கும் பேசியாயிற்று. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது மற்ற பகுதி. ஏரிக்கு ஒரு வாரியம், ஆறு பேர். தோட்டத்துக்கு ஒரு வாரியம், 12 பேர். பொன்னுக்குத் தனி வாரியம். எல்லாவற்றுக்கும் மேல் சம்வத்சர வாரியம், அதிலும் 12 பேர். அதில் வருகிறவர்கள் ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களாக இருக்க வேண்டும். ஏரியைப் பார்க்கிறவர் ஏரியைத்தான் பார்ப்பார், பொன்னைத் தொட மாட்டார்.

பதவிக் காலம் 360 நாள். கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. இடையில் குற்றம் நிரூபணமானால் உடனே நீக்கம்.

இதை ‘அன்றைக்கே ஜனநாயகம்’ என்று தூக்கிப் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் இருந்த, 35 வயதிலிருந்து 70 வயதுக்குள் இருந்த ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. மற்ற யார் பெயரும் போகவில்லை. ஆனால், கொடுத்த அதிகாரத்தை எப்படிப் பிரிப்பது, எப்படித் திரும்ப வாங்குவது என்ற விஷயத்தில் அவர்கள் நம் ஆபீஸ்களைவிடக் கறாராக இருந்திருக்கிறார்கள்.

ஆளுக்கு அனுமதி இல்லை, வேலைக்குத்தான்

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த யோசனைக்கு இரண்டு பழைய வேர்கள் உண்டு. 1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் ‘குறைந்தபட்ச அதிகாரம்’ என்ற விதியைச் சொன்னார்கள். ஒருவர் தன் வேலையை முடிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம்தான் அவருக்கு. 1992-ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான ‘நிஸ்ட்’டின் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் அடுத்த படிக்குப் போனார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக அனுமதி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ‘கணக்காளர்’, ‘மேலாளர்’ என்று ரோல்களை உருவாக்கி, அனுமதியை ரோலுக்குக் கொடுங்கள், ஆளை அந்த ரோலில் உட்கார வையுங்கள். ஆள் மாறினால் நாற்காலியில் இருந்து எழுப்பினால் போதும்.

கூகுள் அனலிட்டிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து ரோல்கள். வியூவர் பார்க்கலாம். அனலிஸ்ட் ஆய்வு அறிக்கைகளை உருவாக்கி மற்றவர்களோடு பகிரலாம். மார்க்கெட்டர் அதற்கு மேல், வாடிக்கையாளர் குழுக்கள் மாதிரியானவற்றை உருவாக்கலாம். எடிட்டர் எல்லா செட்டிங்கையும் மாற்றலாம், ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. அது அட்மின் கையில். பலர் கவனிக்காத ஒன்றும் அதில் இருக்கிறது: வருமானக் கணக்கையும் செலவுக் கணக்கையும் மட்டும் தனியாக மறைக்கலாம். வெளியிலிருந்து வரும் விளம்பர ஏஜென்சிக்கு எத்தனை பேர் சைட்டுக்கு வந்தார்கள் என்று தெரிந்தால் போதும், எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று தெரிய வேண்டியதில்லையே.

ஆனால் ஒரு சிக்கல். மேல் மட்டத்தில், அதாவது ‘அக்கவுன்ட்’ அளவில் கொடுத்த ரோல் அதற்குக் கீழே இருக்கும் எல்லா ‘பிராப்பர்ட்டி’களுக்கும் இறங்கிவிடும். ஒரே அக்கவுன்ட்டில் கம்பெனியின் நான்கு வெப்சைட்டுகள் இருந்தால், மேலே எடிட்டர் ஆன ஒருவர் நான்கிலும் எடிட்டர்தான். கீழே ஒன்றில் மட்டும் வியூவர் என்று போட்டுவிட்டு ‘குறைச்சாச்சு’ என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பவர் பிஐயில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. அங்கே வொர்க்ஸ்பேஸுக்கு நான்கு ரோல்கள்: அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர், வியூவர். மதுரை மேலாளருக்கு மதுரைக் கணக்கு மட்டும், கோவை மேலாளருக்குக் கோவைக் கணக்கு மட்டும் தெரிகிற மாதிரி வரிசை வாரியாகத் தரவை மறைக்கும் வசதி அதில் உண்டு. பலரும் இதைச் சிரமப்பட்டு அமைக்கிறார்கள். ஆனால் அந்த மறைப்பு வியூவருக்கு மட்டும்தான் வேலை செய்யும். “அவரு அப்பப்போ சார்ட் திருத்துவாரு” என்று மதுரை மேலாளரைக் கான்ட்ரிபியூட்டர் ஆக்கினால், அந்த நிமிடமே எல்லா ஊர்க் கணக்கும் அவர் முன்னால் திறந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. டேஷ்போர்டு எப்போதும் போலத்தான் தெரியும்.

அதே மென்பொருளில் ‘வெப்பில் வெளியிடு’ என்று ஒரு வசதி இருக்கிறது. பெயரே சொல்கிறது, இன்டர்நெட்டில் லிங்க் கிடைத்த யாரும் லாகின் இல்லாமல் பார்க்கலாம். அவசரத்தில் அதை ‘ஷேர்’ பட்டன் என்று நினைத்து அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவன அளவில் அட்மின் அதைப் பூட்டி வைக்க முடியும், பூட்டியே வையுங்கள்.

போனவரின் சாவி

2021 டிசம்பர் 10. அமெரிக்காவின் ‘கேஷ் ஆப்’ நிறுவனத்தில் வேலையை விட்டுப் போன ஒருவர், முதலீட்டுப் பிரிவின் சில ரிப்போர்ட்களை டவுன்லோடு செய்தார். வேலையில் இருந்தவரை அந்த ரிப்போர்ட்களைப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. பார்த்தது வேலை முடிந்த பிறகு என்பதுதான் பிரச்சினை. தாய் நிறுவனமான பிளாக், 2022 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் இதைத் தெரிவித்தது. வாடிக்கையாளர்களின் முழுப்பெயரும் தரகுக் கணக்கு எண்ணும் அதில் இருந்தன. சிலருக்கு என்னென்ன பங்குகள், எவ்வளவு மதிப்பு என்பதும் இருந்தது. இந்நாள், முன்னாள் வாடிக்கையாளர்கள் சுமார் 82 லட்சம் பேருக்குத் தகவல் சொல்ல வேண்டி வந்தது.

இதில் ஹேக்கர் யாரும் இல்லை. உடைத்த பூட்டும் இல்லை. வெளியேறும் நாளில் ஆபீஸ் மெயிலை முடக்கிவிட்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சொந்த ஜிமெயிலில் ஷேர் செய்த டேஷ்போர்டு, ஃப்ரீலான்சராக இருந்தபோது கொடுத்த லாகின், வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க் எல்லாம் அந்த மெயிலோடு சேர்ந்து சாவதில்லை.

டேஷ்போர்டில் இருப்பது நீங்களே என்றால்?

இதுவரை நாம் பார்க்கிறவர் பக்கம் நின்று பேசினோம். திரையில் தெரிகிறவர் பக்கம் ஒரு நிமிடம் வாருங்கள்.

2020-ல் மைக்ரோசாஃப்ட் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. எந்த ஊழியர் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், சாட் செய்தார் என்பதையெல்லாம் பெயரோடு நிர்வாகம் பார்க்க முடிந்தது. வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர் வுல்ஃபி கிறிஸ்டல் நவம்பரில் இதைக் கடுமையாக விமர்சித்தார். சர்ச்சை பெரிதானது. டிசம்பர் 1-ம் தேதி மைக்ரோசாஃப்ட் தனிநபர் பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. கணக்கு இனி நிறுவன அளவில்தான்.

பெயரை நீக்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. மூன்று பேர் உள்ள டீமின் ‘சராசரி வேலை நேரம்’ என்று போட்டால், யார் ஆறு மணிக்கே கிளம்புகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் ஊழியர் தரவைக் கையாளும் நல்ல மென்பொருள்கள், ஒரு குழுவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான ஆட்கள் இருந்தால் அந்தக் கணக்கையே காட்டுவதில்லை. அந்த எண்ணை யார் தீர்மானிப்பது, ரிப்போர்ட்டை யார் பார்ப்பது என்ற இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. உங்கள் ஹெச்ஆரிடம் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் முறைப்பார்களோ என்னவோ, கேளுங்கள்.

சட்டமும் இப்போது பின்னால் நிற்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன்படி, தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க முடியும். 2025 நவம்பரில் வந்த விதிகள், யார் தரவை அணுகலாம் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், யார் அணுகினார் என்ற பதிவை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

சின்னக் கடைக்கும் இது உண்டா?

உண்டு, ஆனால் பிரச்சினை தலைகீழாக வரும். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடை ஆன்லைன் விற்பனை தொடங்குகிறது என்று வையுங்கள். வெப்சைட் செய்துகொடுத்த பையனே தன் ஜிமெயிலில் அனலிட்டிக்ஸ் கணக்கையும் ஆரம்பித்துக் கொடுக்கிறார். கடைக்காரருக்கு வியூவர் ரோல். இரண்டு வருடம் கழித்துச் சின்ன மனஸ்தாபம், பையன் போனை எடுப்பதில்லை. கடையின் இரண்டு வருடக் கணக்கு யாருடையது? பணம் கொடுத்தவர் கடைக்காரர், சாவி வேறொருவர் கையில். கணக்கை எப்போதும் கடையின் மெயிலில் தொடங்குங்கள், வெளியாளை எடிட்டர் ஆக்குங்கள். அட்மின் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் போனைத் தொலைத்தாலும் இன்னொருவர் திறக்கலாம்.

பெரிய ஆபீஸில் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். கூகுள் அனலிட்டிக்ஸில் அட்மின் பகுதிக்குள் அணுகல் மேலாண்மை என்ற பக்கம், பவர் பிஐயில் ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸிலும் அனுமதியை நிர்வகிக்கும் பக்கம். பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் “இவருக்கு இன்னும் இது வேணுமா?” என்று டீம் லீடிடம் கேட்க வேண்டும், ஐடி ஆளிடம் இல்லை. யாருக்கு என்ன வேலை என்று ஐடி ஆளுக்கு எப்படித் தெரியும்? அவசரத்துக்குக் கொடுக்கும் அட்மினுக்கு, கொடுக்கும்போதே காலண்டரில் ஒரு முடிவு தேதி போட்டுவிடுங்கள்.

‘சேல்ஸ்டீம்’ என்று ஒரே லாகினை ஏழு பேர் பயன்படுத்துவதையும் நிறுத்த வேண்டியிருக்கும். ஏதாவது கணக்கு மாறியிருந்தால், பதிவில் ‘சேல்ஸ்டீம் மாற்றியது’ என்றுதான் இருக்கும், எந்த ஆள் என்று இருக்காது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் கணக்கு எழுதுகிறவருக்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது. தான் எழுதிய காலத்துக் கணக்கைப் பெரியவர்கள் முன் வைத்து, சரியென்று ஏற்கப்பட்ட பிறகுதான் அவர் மறுபடி கணக்கில் புக முடியும். அவர் எழுதிய கணக்கை அவரேதான் ஒப்படைக்க வேண்டும். அதை முடிக்க வேறொருவர் புகக் கூடாது.