ஒன்று போலவே இரண்டு சேலைகள்

காஞ்சிபுரத்தில் பட்டெடுக்க வருபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது கோர்வைதானே?" என்பது. தத்துவ அறிஞர்கள் நூறாண்டுகளாக வாதிடும் ஒரு சிக்கல் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கோர்வை என்றால் என்ன? சேலையின் உடல் பச்சை, கரை அரக்குச் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாடாவால் நெய்தால் பச்சை ஊடை கரைக்குள்ளும் ஓடும். சிவப்புப் பாவும் பச்சை ஊடையும் சேர்ந்து கரையில் ஒரு கலப்பு நிறமே தோன்றும். தூய சிவப்பு வேண்டுமானால் கரையின் ஊடையும் சிவப்பாக இருக்கவேண்டும். ஆகவே உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் தேவை. எல்லையில் இரு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். நெசவாளியின் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்காரவேண்டும். வேலை மெள்ளத்தான் நகரும்.

குறுக்கு வழியும் உண்டு. கரைப் பாவை அடர்த்தியாக்கியோ சரிகையை நிறைத்தோ, ஊடையை மறைத்துவிடலாம். இப்போது இரண்டு சேலைகளும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன என்று கொள்வோம். அழகும் ஒன்றுதானா?

ஒன்றுதான் என்பார் கிளைவ் பெல். ஒரு கலைப்பொருளைச் சுவைக்க வடிவம், வண்ணம், இடம் ஆகியவற்றை உணரும் திறன் போதும், வேறு செய்தி எதுவும் வேண்டாம் என்று அவர் 1914-இல் எழுதினார். யார் நெய்தார், எப்படி நெய்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

இந்தக் கொள்கைக்கு ஒரு சோதனை வந்தது. ஹாலந்தில் வான் மேகரன் என்ற ஓவியர், பதினேழாம் நூற்றாண்டின் வெர்மீர் வரைந்தவை போலப் படங்களைத் தீட்டி விற்றார். அவற்றுள் ஒன்றை 1937-இல் பெரிய நிபுணர் ஒருவரே வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று புகழ்ந்தார். 1945-இல் கைதான வான் மேகரன், உண்மையைத் தாமே சொல்லிவிட்டார். படத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. மதிப்பு மட்டும் சரிந்தது.

இயற்பியலும் பின்னர் சாட்சி சொன்னது. வெள்ளை வண்ணத்தில் உள்ள ஈயத்தில் கதிரியக்க ஈயம்-210 சிறிதளவு இருக்கும். தாதுவை உருக்கும்போது ரேடியத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுவதால், அதன்பின் ஈயம்-210 சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முந்நூறு ஆண்டுகளில் அது எஞ்சிய ரேடியத்தோடு ஏறக்குறையச் சமநிலை அடைந்திருக்கவேண்டும். 1968-இல் கெய்ஷ் வெளியிட்ட அளவீடுகளின்படி, அந்தப் படத்தில் அது ரேடியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. ஆக, வண்ணம் புதிது.

அதே 1968-இல் நெல்சன் குட்மன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் பெல்லுக்கு எதிரான ஒரு வாதத்தை முன்வைத்தார். இன்று இரண்டுக்கும் வேற்றுமை தெரியாவிட்டாலும், வேற்றுமை உண்டு என்ற அறிவே கண்ணைப் பழக்கும், நாளை தெரியும். உண்மையில் அப்படித்தான் நடந்தது. போலிகள் இவை என்று தனியே பிரித்து வைத்தபின், ஓரளவு பழகியவர்களே அவற்றை அடையாளம் காண்கிறார்கள்.

நான் குட்மன் கட்சி. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: குறுக்கு வழியில் நெய்த சேலை தன்னளவில் போலி அல்ல. அதற்கும் அழகு உண்டு, அணிபவருக்கு மகிழ்ச்சி உண்டு. கோர்வை என்று சீட்டு ஒட்டி விற்கும்போதுதான் அது வான் மேகரன் படமாகிறது. அந்தச் சீட்டால் இழப்பவர் வாங்குபவர் மட்டுமல்லர். மூன்று நாடா ஓட்டுபவரின் கூலியும் அந்தச் சீட்டைத்தான் நம்பியிருக்கிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்ததும், 2005-06-இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றதும் வெறும் வணிகச் செய்திகள் அல்ல. பெல்லின் கொள்கை முழுக்கச் சரியென்றால் இரண்டுக்கும் காரணமே பாதி போய்விடும்.

கண்ணைப் பழக்க விரும்புவோர் சேலையைத் திருப்பிப் பாருங்கள். உடலின் ஊடை நிறம் கரையின் பின்புறத்தில் தொடர்ந்து ஓடினால், அது கோர்வை அல்ல. எல்லையில் நின்று திரும்பியிருந்தால், அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டுங்கள்; கோத்த இடம் சற்றே மேடாகத் தட்டுப்படும்.