பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டாம்

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயார் தனது பன்னிரண்டு வயது மகனுடன் என்னிடம் வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) அதற்கு முன் பல மாதங்களாக வேறொரு வைத்தியரிடம் காட்டியவர். அங்கே மகன்தான் மொழிபெயர்ப்பாளர். "அம்மாவுக்கு வயித்துக்குத்து, களைப்பு" என்று மகன் சொல்ல, அதற்கேற்ற மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தன.

மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தமிழில் விசாரித்தேன். ஒரு வருடமாக மாதவிடாய் இரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது என்றார். "பெடியனிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது டொக்டர்?" என்று கேட்டார். பரிசோதித்தபோது இரும்புச்சத்து மிகக் குறைவு, கர்ப்பப்பையில் கட்டிகள். நல்லவேளை, புற்றுநோய் அல்ல. சிகிச்சையின் பின் சுகமாக இருக்கிறார்.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அகதியாக வந்தவன். தொண்ணூறுகளில், கையில் வைத்தியப் பட்டம் இருந்தும், இங்கே தொழில் செய்வதற்கான பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவுக்கு வருத்தம் வந்தது. வைத்தியசாலையில் நானே மொழிபெயர்த்தேன். 'புற்றுநோய்' என்ற சொல் என் வாயில் வரவில்லை. "சின்னக் கட்டி அப்பா" என்றேன். ஊரிலிருந்த அக்காவுடன் கதைத்து ஒரு பழைய கோபத்தைத் தீர்க்க அவர் நினைத்திருந்தார். சுகம் வந்தபிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார். அந்தச் சுகம் வரவேயில்லை. வைத்தியம் படித்த நானே இப்படிப் பிழைவிட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

மொழிபெயர்ப்பாளர் இலவசம்

அவுஸ்திரேலிய அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450. இது 24 மணிநேரமும் இயங்குகிறது. மெடிகெயார் உள்ள நோயாளியைப் பார்க்கும் குடும்ப வைத்தியர் இதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நேரம் பதியும்போதே "தமில் இன்ரபிரிற்றர் பிளீஸ்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று சொற்கள் போதும். பெண் ஒருவர் வேண்டும் என்றும் கேட்கலாம். 'எங்கட ஆக்கள் ஊரெல்லாம் சொல்லிப்போடுவினம்' என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது மொழிபெயர்ப்பாளரின் தொழில் ஒழுக்கம். அப்படியும் தயக்கமென்றால், உங்கள் பெயரை அவரிடம் சொல்லவேண்டாம் என்று வைத்தியரைக் கேளுங்கள்.

புதிதாக வந்தோருக்கு

மனிதாபிமான விசாவில் வந்தவர்கள் முதல் 12 மாதங்களுக்குள் குடும்ப வைத்தியரிடம் மெடிகெயாரின் கீழ் ஒருமுறை முழுமையான சுகாதார மதிப்பீடு செய்துகொள்ளலாம். உடல்நலம், தடுப்பூசி, மனநலம் எல்லாம் அதில் பார்க்கப்படும். விக்ரோறியாவில் 2005 இல் தொடங்கிய அகதிகள் சுகாதாரத் திட்டத்தின் தாதியர், சமூக சுகாதார நிலையங்களில் இருந்து வழிகாட்டுகிறார்கள்.

நித்திரையின்மை, கெட்ட கனவு, சத்தம் கேட்டால் திடுக்கிடல் எல்லாம் போர் விட்டுச்சென்ற காயங்கள். உதவி தேடினால் விசர் என்று அர்த்தமில்லை. மெல்பேர்ணில் 1987 முதல் பவுண்டேசன் ஹவுஸ், சிட்னியில் 1988 முதல் ஸ்ராட்ஸ் ஆகியன சித்திரவதையாலும் போராலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாக உதவுகின்றன. மற்ற மாநிலங்களிலும் இத்தகைய நிலையங்கள் உண்டு.

விசா முடிவுக்குக் காத்திருந்து மெடிகெயார் இல்லாமல் இருப்பவர்கள் வருத்தத்தை மறைத்துக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டாம். மெல்பேர்ண் புட்ஸ்கிறேயில் 2001 இல் தொடங்கிய புகலிடம் கோருவோர் வள நிலையத்தில் இலவச மருத்துவ உதவி உண்டு.

ஆங்கிலமும் ஒரு மருந்துதான். குடிவந்தோருக்கான அரசின் இலவச ஆங்கில வகுப்புகளுக்கு முன்பு 510 மணித்தியால எல்லை இருந்தது. 2021 இல் அது நீக்கப்பட்டது. 'வயசு போட்டுது' என்று நினைக்காமல் விசாரித்துப் பாருங்கள்.

இன்றே 131 450 என்ற இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தால் அவர்களுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். வைத்தியரிடம் போகும் நாளில் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்.