உடனிசைவு அமைப்புகளின் நிலைப்புத்தன்மை

கரிம வேதியியலில் உடனிசைவு அமைப்புகள் (பரிவுக் கட்டமைப்புகள்) என்பவை, ஒரே மூலக்கூறையோ அயனியையோ குறிக்க வரையப்படும் வெவ்வேறு லூயிசு அமைப்புகள் ஆகும். இவற்றில் அணுக்களின் இடம் மாறுவதில்லை. எலக்ட்ரான்களின் பங்கீடு மட்டுமே வேறுபடும். உண்மையான மூலக்கூறு இவ்வமைப்புகளின் கலப்பாகும். அது உடனிசைவுக் கலப்பினம் எனப்படும். இக்கருத்தை லைனசு பாலிங் 1930களில் விரிவாக வளர்த்தெடுத்தார்.

நிலைப்புத்தன்மை என்பதன் பொருள்

உடனிசைவு அமைப்பு எதுவும் தனித்து இருப்பதில்லை. மூலக்கூறு ஓர் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருப்பதும் இல்லை. பென்சீனுக்கு ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த இரண்டு கெக்குலே அமைப்புகள் வரையப்படுகின்றன. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 154 பிக்கோமீட்டர். இரட்டைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 134 பிக்கோமீட்டர். ஆனால், பென்சீனின் ஆறு பிணைப்புகளும் ஏறத்தாழ 139 பிக்கோமீட்டர் என்னும் ஒரே நீளம் உடையவை.

எனவே ஓர் அமைப்பு மற்றொன்றைவிட நிலைப்புடையது என்று கூறும்போது, அது கலப்பினத்திற்கு அளிக்கும் பங்கு மிகுதி என்பதே பொருளாகும்.

ஒப்பிடும் விதிகள்

1. எண்ம விதி: கார்பன், நைட்ரசன், ஆக்சிசன் அணுக்கள் அனைத்தும் எட்டு எலக்ட்ரான்களைப் பெற்றுள்ள அமைப்பு மிகுந்த நிலைப்புடையது. இவ்வணுக்களுக்கு எட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களைக் காட்டும் அமைப்பு தவறானதாகும்.

2. மின்சுமைப் பிரிப்பு: எண்ம விதி நிறைவுற்ற அமைப்புகளுள், மின்சுமை பிரியாத அமைப்பு கூடுதல் நிலைப்புடையது.

3. மின்சுமையின் இடம்: எதிர்மின்சுமை எலக்ட்ரான் கவர்தன்மை மிக்க அணுவிலும், நேர்மின்சுமை அக்கவர்தன்மை குறைந்த அணுவிலும் இருத்தல் நன்று. அசிட்டால்டிகைடிலிருந்து கிடைக்கும் ஈனோலேட்டு அயனியில், எதிர்மின்சுமை ஆக்சிசனில் உள்ள அமைப்பு, அது கார்பனில் உள்ள அமைப்பைவிட நிலைப்புடையது.

4. சம அமைப்புகள்: ஒன்றுக்கொன்று சமமான அமைப்புகள் சம பங்களிக்கின்றன. இத்தகைய மூலக்கூறு பெரிதும் நிலைப்படைகிறது. பென்சீனின் உடனிசைவு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 150 கிலோயூல் ஆகும்.

விதிகள் முரண்படும்போது பொதுவாக முதல் விதியே மேலோங்கும். மெத்தாக்சிமெத்தில் நேர்மின் அயனியை எடுத்துக்கொள்வோம். நேர்மின்சுமையைக் கார்பனில் காட்டும் அமைப்பு மூன்றாம் விதிக்குப் பொருந்துகிறது. ஆனால் அக்கார்பனில் ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. ஆக்சிசனின் தனித்த எலக்ட்ரான் இணை இரட்டைப் பிணைப்பாக மாறினால், நேர்மின்சுமை ஆக்சிசனுக்குச் சென்றாலும், எல்லா அணுக்களும் எண்ம விதியை நிறைவு செய்கின்றன. இவ்விரண்டாவது அமைப்பே நிலைப்பு மிக்கது.

பயன்பாடு

அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு 4.76, எத்தனாலின் மதிப்பு ஏறத்தாழ 16. அதாவது, அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு வலிமையானது. அசிட்டேட்டு அயனியின் எதிர்மின்சுமை, இரு சம அமைப்புகளின் வழியாக, இரண்டு ஆக்சிசன் அணுக்களிலும் பரவுவது இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும். கார்பனைல் தொகுதியின் எலக்ட்ரான் ஈர்ப்பும் துணைசெய்கிறது. எத்தாக்சைடு அயனியில் மின்சுமை ஒரே ஆக்சிசனில் தங்கிவிடுகிறது.

சிறுபங்கு அமைப்புகளின் முக்கியத்துவம்

நிலைப்புக் குறைந்த அமைப்பைப் புறக்கணித்தல் கூடாது. அமைடுகளில் மின்சுமை பிரியாத அமைப்பே பெரும்பங்கு வகிக்கிறது. எனினும், நைட்ரசனில் நேர்மின்சுமையும் ஆக்சிசனில் எதிர்மின்சுமையும் கொண்ட மற்ற அமைப்பு, கார்பன்-நைட்ரசன் பிணைப்புக்கு ஓரளவு இரட்டைப் பிணைப்புத் தன்மையைத் தருகிறது. இதனால் 147 பிக்கோமீட்டர் அளவில் இருக்க வேண்டிய பிணைப்பு, புரதங்களின் பெப்டைடு தொகுதியில் ஏறத்தாழ 133 பிக்கோமீட்டராகக் குறுகுகிறது. அத்தொகுதி எளிதில் சுழலாமல் தட்டையாக அமைகிறது. இத்தட்டைத் தன்மையை அடிப்படையாகக் கொண்டே பாலிங், இராபர்ட்டு கோரே, எர்மன் பிரான்சன் ஆகியோர் 1951-இல் புரதங்களின் ஆல்ஃபா சுருள் அமைப்பை முன்மொழிந்தனர்.

அவ்வாறே, ஈனோலேட்டு அயனியின் பல வினைகள் ஆக்சிசனில் அன்றிக் கார்பனிலேயே நிகழ்கின்றன. கார்பனும் எதிர்மின்சுமையில் பங்கு பெறுவதைச் சிறுபங்கு அமைப்பே காட்டுகிறது.