தோட்டத்து முதல் மூதாட்டியர்: வழிமரபு காணும் முறை

ஊவா மாகாணத்து மடூல்சீமையிலே 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளிற் காணப்பட்ட துருநோய், தோட்டங்களின் பொருளாதாரத்தை மட்டுமன்றி, அங்கு உழைத்தோரின் குடும்ப அமைப்பையும் மாற்றிற்று. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தோருட் பெரும்பாலார் ஆடவர்; பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அதனிடத்தைப் பெற்ற தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே, கொழுந்தெடுக்கும் பெண்களும் அவர்தம் குடும்பங்களும் தோட்டங்களில் நிலைகொள்ள வேண்டியதாயிற்று. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் குடிவரலாறு இப்பெண்களிடமிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

எனினும், இவர்களைத் தேடிக் காண்டல் எளிதன்று. தொழிலாளர் கங்காணியின் கூட்டத்தினராகவே கணக்கிடப்பட்டனர். மணத்திற்கு முன் தந்தை பெயரோடும், பின் கணவன் பெயரோடும் பதியப்பெறும் ஒருத்தி, இரு பதிவுகளில் இருவராய்த் தோன்றுதலும் கூடும்.

ஏடு கைவிடுமிடத்தில் வழக்கம் துணைபுரிகின்றது. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் மரபினால், ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் தோன்றும். பெயர்த்தி என்னும் சொல்லே இதற்குச் சான்று. குலதெய்வம் கணவன் வழியைக் காட்டும்; பெண் பிறந்த வீட்டைக் காட்டுவது தாய்மாமன் சீர். பூப்புநீராட்டிலும் திருமணத்திலும் எவ்வீட்டார் சீர் கொணர்ந்தனர் என முதியோரை வினவின், தாய்வழி படிப்படியாகப் புலனாகும். பின்னர், தோட்டத்துச் செக்ரோலோடும் பிறப்பு, விவாகப் பதிவுகளோடும் அதனை ஒப்பிட்டு உறுதிசெய்தல் வேண்டும்.

இம்முயற்சி வெறுங் குலப்பெருமைக்கன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்தவரிடமும், தந்தை இங்குப் பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமைக்கோ சான்று கேட்டது. தாயும் பாட்டியும் இம்மண்ணிலேயே பிறந்து, உழைத்து, மடிந்திருப்பினும் அக்கணக்கில் அவர்க்கு இடமில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, அந்நாள் முதல் இங்கு நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கிற்று. தந்தைவழி என்று வரையறாது, வழித்தோன்றல் எனப் பொதுப்படக் கூறியமை கருதத்தக்கது.

சட்டம் நெடுங்காலம் எண்ணாது விட்ட அவ்வழிமரபு இன்று பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளது. தோட்டங்களிலிருந்து கல்வி கற்க வரும் மாணவர், பாட்டியின் தாய் யார், அவள் பிறந்த ஊர் எது என்று தம் இல்லத்து முதியோரிடம் வினவி, அவர் உள்ளபோதே எழுதிவைத்தல் தகும்.