தொழுவத்துத் தூசி

ஆஸ்துமா வழிவழியாக வருவது என்பது பாட்டிமார்களுக்கே தெரியும். ஆனால் ஒரே மரபுள்ள இரண்டு ஊர்களில் ஒன்றில் மட்டும் பிள்ளைகளுக்கு ஏன் இழுப்பு அதிகம்?

அமெரிக்காவில் இந்தியானாவின் ஆமிஷ் மக்களும் தெற்கு டகோட்டாவின் ஹட்டரைட் மக்களும் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து வம்சாவளியினர். விவசாயிகள், பெரிய குடும்பங்கள், மரபணுவிலும் நெருக்கம். இருந்தும் ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் 100க்கு 5 பேருக்கு ஆஸ்துமா. ஹட்டரைட்களில் 21 பேருக்கு.

வித்தியாசம் தொழுவத்தில் இருந்தது. ஆமிஷ் வீட்டுக்குப் பக்கத்திலேயே கறவை மாடுகளும் குதிரைகளும். தவழும் வயதிலிருந்தே பிள்ளைகள் சாணமும் வைக்கோலுமாகப் புழங்குகிறார்கள். ஹட்டரைட்களுடையதோ இயந்திரமயமான பெரும் பண்ணை, வீடுகளிலிருந்து தள்ளியே இருக்கும். இரு தரப்பு வீடுகளிலும் தூசியைத் திரட்டி அளந்தபோது, பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் ஆமிஷ் தூசியில் 6.8 மடங்கு. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய் இறுக்கம் அடங்கியது. ஹட்டரைட் தூசி அந்த வேலையைச் செய்யவில்லை. கிருமியின் வாடையை முதலில் உணரும் எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய இரு மரபணுக்களை நீக்கிய எலிகளிலோ ஆமிஷ் தூசியும் பலிக்கவில்லை. காப்பாற்றியது தூசி மட்டுமல்ல, அதை அடையாளம் கண்டு பழகிய உடலும்தான். 2016இல் வெளியான ஆய்வு இது. (வீசிங் வந்துவிட்ட பிள்ளையைத் தூசியில் விளையாட விடச் சொல்கிற ஆய்வு அல்ல, அவர்களுக்குத் தூசி ஆகாது.)

இரு சமூகத்துப் பிள்ளைகளின் ரத்தத்திலும் வேறுபாடு தெரிந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்த்துப் பழகிய ஈசினோஃபில் அணுக்கள் ஆமிஷ் பிள்ளைகளிடம் குறைவு, நியூட்ரோஃபில்கள் அதிகம்.

அப்படியானால் மரபணுவுக்கு வேலையே இல்லையா? உண்டு. 17ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி குழந்தைப் பருவ ஆஸ்துமாவுடன் தொடர்புள்ளது என்று 2007இல் கண்டார்கள். சளி தரும் ரைனோவைரஸ் தாக்கிச் சின்ன வயதிலேயே இளைப்பு கண்ட பிள்ளைகளிடம்தான் அதன் கெடுதல் பெரிதாக வெளிப்படுகிறது என்று பிறகு தெரிந்தது. எனக்கு வியப்பு தருவது அதற்கடுத்த செய்தி. ஐரோப்பியப் பண்ணைக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்தபோது, அந்தக் குரோமோசோம் பகுதியின் ஆபத்தான வடிவத்தைச் சுமந்தவர்களுக்குத்தான் மாட்டுத் தொழுவத்தில் புழங்கியதால் இளைப்பு குறைந்த பலன் கிடைத்திருந்தது. வைரஸுக்கு அளவுக்கு மீறித் துள்ளும் மூச்சுக்குழாயே தொழுவத்துக்கும் நன்றாகச் செவிசாய்க்கிறது போலும்.