குட்டன்பேர்க்: பெயர் வந்த வழி

அச்சியந்திரத்துடன் சேர்த்து நாம் நினைவில் வைத்திருக்கும் பெயர் ஜொகான்னஸ் குட்டன்பேர்க் என்பதாகும். எனினும் இது அவரது தந்தைவழிப் பெயரன்று. தந்தையின் குடும்பப் பெயர் கென்ஸ்பிளைஷ்; அதன் பொருள் 'வாத்திறைச்சி'.

ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த உயர்குடும்பத்தினர், தாம் வசித்த வீட்டின் பெயரையும் தம் பெயருடன் சேர்த்து வழங்கினர். குட்டன்பேர்க் என்பது அவ்வாறான வீடொன்றின் பெயராகும். ஜேர்மன் மொழியில் 'குட்' என்பது நல்ல எனவும், 'பேர்க்' என்பது மலை எனவும் பொருள்படும். எனவே இப்பெயர் 'நல்ல மலை' எனும் பொருளைத் தருகின்றது.

1455 ஆம் ஆண்டளவில் அவர் அச்சிட்ட விவிலியத்தில் அவரது பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் அவர் வீட்டின் பெயரை உலகம் மறக்கவில்லை.

கவனிக்க: இது தொழிலால் வந்த பெயரன்று, வீட்டால் வந்த பெயராகும்.